‘நீ என்ன பெரிய ஐன்ஸ்டீனா?’: ஒரு விஞ்ஞானியின் பெயர் மேதைக்கான சொல்லானதைச் சான்றோடு தேடிப் பிடிப்பது எப்படி

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பையனை ‘குட்டி ஐன்ஸ்டீன்’ என்கிறோம். சார்பியல் கொள்கையைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்தில் வருவது 1879 மார்ச் 14 அன்று ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்த ஒருவரின் பெயர் அல்ல, ‘மேதை’ என்ற பொருளில் நிற்கும் பொதுச்சொல். எந்த ஆண்டு வாக்கில் இந்த மாற்றம் நடந்தது, எந்த வழியாக நடந்தது என்பதை அச்சான சான்றுகளை வைத்தே நிறுவ முடியும். அகராதி வேலை செய்பவர்கள், விக்சனரி என்ற இணைய அகராதியில் பதிவு எழுதுபவர்கள், மொழியியல் ஆய்வேடு தொடங்கும் மாணவர்கள் ஆகியோருக்கான வழிமுறை இது. ஐன்ஸ்டீனை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். எடிசனுக்கும் ராமானுஜனுக்கும் இதே முறை பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். புகழ் வந்த நாள் வேறு, சொல் பிறந்த நாள் வேறு. இந்தத் தலைப்பில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஐன்ஸ்டீனின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டு, ‘ஆகவே அவர் பெயர் மேதைமையின் அடையாளமானது’ என்று முடித்துவிடுவார்கள். அந்த ‘ஆகவே’வுக்குச் சான்று இருக்காது. சான்று வாக்கிய அமைப்பில் இருக்கிறது, அதைத்தான் தேடப்போகிறோம்.

எதைத் தேடுகிறோம்?

நம் இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு: ஆகுபெயர். ‘பாவை வந்தாள்’ என்பதில் பாவை போன்ற பெண்ணைப் பாவை என்றே சொல்வது உவமையாகுபெயர். ‘குட்டி ஐன்ஸ்டீன்’ அந்த வகை. ‘திருவள்ளுவர் படித்தேன்’ என்பது கருத்தாவாகுபெயர். அங்கே நூலை எழுதியவரின் பெயர் நூலுக்கு வருகிறது. ‘இந்த வருடம் ஐன்ஸ்டீன் படிக்கிறோம்’ என்று இயற்பியல் மாணவர் சொன்னால் அது இரண்டாவது வகை, நம் கணக்கில் சேராது. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் தரம் பிரிக்கும்போது பாதிக் குழப்பம் குறையும்.

பெயர் ஒரே நாளில் சொல்லாகிவிடுவதில்லை. பல படிகளைக் கடக்கிறது, ஒவ்வொரு படியும் வாக்கியத்தில் தன் தடத்தை விட்டுச் செல்கிறது:

1. அறிமுகம் தேவைப்படும் நிலை. ‘ஜெர்மானிய விஞ்ஞானியான பேராசிரியர் ஐன்ஸ்டீன்’ என்று விளக்கத்தோடு வரும்.

2. விளக்கம் உதிரும் நிலை. வெறும் ‘ஐன்ஸ்டீன்’ என்று எழுதினாலே வாசகருக்குப் புரியும் என்று எழுதுபவர் நம்புகிறார். இது புகழுக்கான சான்று மட்டுமே, சொல் இன்னும் பிறக்கவில்லை.

3. உவமை. ‘ஐன்ஸ்டீனைப் போன்ற மூளை.’

4. இடம் அல்லது துறை சார்ந்த பட்டம். ‘இந்தியாவின் ஐன்ஸ்டீன்’, ‘சதுரங்கத்தின் ஐன்ஸ்டீன்’. ஜி.டி. நாயுடுவை ‘இந்தியாவின் எடிசன்’ என்பதும், அண்ணாவைத் ‘தென்னாட்டு பெர்னாட்ஷா’ என்பதும் இதே அச்சில் வார்த்தவை. பெயர் ஒரு பதவி போல ஆகிவிட்டது என்றாலும், மூலவர் யார் என்று தெரிந்தால்தான் பட்டத்துக்குப் பொருள் உண்டு.

5. பொதுச்சொல். ‘ஒரு ஐன்ஸ்டீன்’, ‘ஐன்ஸ்டீன்கள்’. ஒருவரே இருந்தார், ஆனால் பன்மை விகுதி ஏறிவிட்டது.

6. எதிர்மறை. ‘இதைப் புரிந்துகொள்ள ஐன்ஸ்டீனாக இருக்க வேண்டியதில்லை.’ ஆங்கிலத்தில் ‘நோ ஐன்ஸ்டைன்’.

7. கிண்டல் விளி. தப்புச் செய்தவனைப் பார்த்து ‘நைஸ் கோயிங், ஐன்ஸ்டைன்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது.

ஏழாவது படி நமக்குப் புதிதல்ல. தேவர்களின் குருவான பிரகஸ்பதியின் பெயர் இன்று பேச்சுத் தமிழில் பெரும்பாலும் அசட்டுத்தனம் செய்தவரைக் குறிக்கத்தான் வருகிறது: ‘எந்தப் பிரகஸ்பதி இந்தக் கதவைத் திறந்து வச்சது?’ ஒரு பெயர் கிண்டலுக்குப் பயன்படுகிறது என்றால், அது மேதை என்ற பொருளில் நன்றாக வேரூன்றிவிட்டது என்று அர்த்தம். நேர்ப்பொருள் உறுதியாக இல்லாத சொல்லைத் தலைகீழாக்கிச் சிரிக்க முடியாது. ஆகவே ஏழாம் படிக்கான முதல் சான்று கிடைத்தால், ஐந்தாம் படி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இன்னும் பின்னோக்கித் தேடுங்கள்.

தேதிப் பட்டியல் முதலில்

தரவுத்தளத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் காலவரிசை போட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கும் சான்றுகளை இதன்மேல்தான் பொருத்திப் பார்க்கப்போகிறோம்.

1905: ‘அன்னாலன் டெர் ஃபிசிக்’ இதழில் புகழ்பெற்ற கட்டுரைகள். 1915 நவம்பர்: பொதுச் சார்பியல் குறித்து பிரஷ்ய அறிவியல் கழகத்தில் நான்கு உரைகள். இந்த இரண்டு ஆண்டுகளிலும் இயற்பியல் துறைக்கு வெளியே பெயர் பெரிதாகப் பரவவில்லை. 1905-ஐத் தொடக்கமாக வைத்துத் தேடினால் பதினான்கு வருடக் குப்பையைக் கிளற வேண்டியிருக்கும்.

1919 மே 29: முழுச் சூரிய கிரகணம். பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டனும் அவருடன் காட்டிங்ஹாமும் ஆப்பிரிக்கக் கரையோரத்தில் உள்ள பிரின்சிப்பி தீவுக்கும், குரோம்லினும் டேவிட்சனும் பிரேசிலின் சோப்ராலுக்கும் சென்று, சூரியனுக்கு அருகே தெரிந்த நட்சத்திரங்களைப் படமெடுத்தார்கள். சூரியனை ஒட்டி வரும் ஒளி 1.75 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை) வளைய வேண்டும் என்பது ஐன்ஸ்டீனின் கணிப்பு. நியூட்டன் வழிக் கணக்கில் அதில் பாதிதான் வரும். சோப்ராலின் சிறந்த தகடுகள் 1.98 என்றும் பிரின்சிப்பி 1.61 என்றும் காட்டின.

1919 நவம்பர் 6: லண்டன் பர்லிங்டன் ஹவுஸில் ராயல் சொசைட்டியும் ராயல் வானியல் கழகமும் கூடிய கூட்டத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது. மறுநாள் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் அறிவியலில் புரட்சி என்றும் நியூட்டனின் கருத்துகள் கவிழ்ந்தன என்றும் தலைப்பிட்டது. நவம்பர் 10 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ வானத்தில் ஒளியெல்லாம் கோணலாகிவிட்டது என்று எழுதியது. அந்தச் செய்தியை அனுப்பியவர் கோல்ஃப் ஆட்டங்களைப் பற்றி எழுதும் செய்தியாளர். டிசம்பர் 14 அன்று ‘பெர்லினர் இல்லுஸ்ட்ரியர்ட்டே’ வார இதழ் அவர் முகத்தை முழு அட்டைப்படமாகப் போட்டது.

இந்த ஐந்தாறு வாரங்கள்தான் மொத்தக் கதையின் மையம். தேடலில் நேரம் குறைவாக இருந்தால் 1919 நவம்பர் முதல் 1921 கோடை வரை உள்ள நாளிதழ்களை மட்டும் பாருங்கள். ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி மேதை என்ற பொருளுக்கு 1920 என்றே ஆண்டு குறிக்கிறது. அதாவது புகழ் வந்து ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் பெயர் சொல்லாகத் தொடங்கிவிட்டது. இவ்வளவு வேகம் அபூர்வம்.

மீதித் தேதிகள்: 1921 ஏப்ரல் 2 நியூயார்க் வருகை, 1922 நவம்பரில் நோபல் பரிசு அறிவிப்பு, 1933-இல் பிரின்ஸ்டனில் குடியேற்றம், 1946 ஜூலை 1 ‘டைம்’ அட்டையில் அணுகுண்டு மேகத்தோடு அவர் முகம், 1951 மார்ச் 14 நாக்கை நீட்டிய புகைப்படம், 1955 ஏப்ரல் 18 மறைவு, 1999 இறுதியில் ‘டைம்’ வழங்கிய நூற்றாண்டின் மனிதர் என்ற பட்டம்.

ஆங்கிலத்தில் தேடுவது

சொல் முதலில் பிறந்தது ஆங்கிலத்தில் என்பதால் அங்கேயே தொடங்க வேண்டும். ஒரு தொடர் ஆண்டுவாரியாகப் புத்தகங்களில் எவ்வளவு வருகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டும் கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவர் நல்ல முதல் கருவி. ஆனால் அதன் இயல்புநிலை அமைப்பை அப்படியே விட்டால் தவறான முடிவு கிடைக்கும். ‘ஸ்மூத்திங்’ மதிப்பு தானாகவே 3 என்று இருக்கும். ஒவ்வொரு ஆண்டின் புள்ளியும் முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகளைச் சேர்த்து எடுத்த சராசரி என்று இதற்குப் பொருள். 1920-இல் முதன்முதலாக அச்சான ஒரு தொடர் 1917-லேயே முளைத்தது போல வரைபடம் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ‘கிரகணத்துக்கு முன்பே வழக்கில் இருந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். மதிப்பை 0 ஆக்கிவிட்டுப் பாருங்கள்.

அடுத்த தடை 40 புத்தக வரம்பு. குறைந்தது 40 புத்தகங்களில் வராத தொடரை இந்தக் கருவி காட்டவே காட்டாது. புதிதாகப் பிறந்த சொல் நாற்பது புத்தகத்தில் ஏறுவதற்கு வருடங்கள் ஆகும். ஆகவே வரைபடம் பரவலைச் சொல்லும், பிறப்பைச் சொல்லாது. பிறப்பை நாளிதழ்களில்தான் பிடிக்க முடியும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘கிரானிக்லிங் அமெரிக்கா’, ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’, நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ மூன்றும் இலவசம். ட்ரோவில் வாசகர்களே எழுத்துணரிப் பிழைகளை (பக்கப் படத்தை உரையாக மாற்றும் மென்பொருள் செய்யும் பிழைகளை)த் திருத்தியிருப்பார்கள் என்பதால் தேடல் சுத்தமாக இருக்கும்.

வெறும் ‘ஐன்ஸ்டைன்’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். தொடர்களாகத் தேடுங்கள். ‘நோ ஐன்ஸ்டைன்’ முதலில். எதிர்மறைத் தொடரில் கலப்படம் மிகக் குறைவு. பன்மை அடுத்தது. அதில் ஆல்பர்ட்டும் அவர் மனைவி எல்சாவும் சேர்ந்து ‘ஐன்ஸ்டைன் தம்பதியர்’ என்ற பொருளில் வரும், ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ‘ஆன் ஐன்ஸ்டைன்’ (‘ஒரு ஐன்ஸ்டைன்’) கடைசியில். இதில்தான் கலப்படம் அதிகம், ஏனென்றால் ‘ஐன்ஸ்டைன் வளையம்’, ‘ஐன்ஸ்டைன்-ரோசன் பாலம்’ போன்ற இயற்பியல் கலைச்சொற்கள் எல்லாம் அதே ‘ஆன்’ முன்னொட்டோடு வரிசை கட்டி வரும். 1935-க்குப் பிறகு இவை கூடிக்கொண்டே போகும்.

வேறு ஐன்ஸ்டீன்களும் இருந்தார்கள். எட்வின் ஐன்ஸ்டைன் 1879 முதல் 1881 வரை நியூயார்க்கிலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், அக்காலத்து அமெரிக்க நாளிதழ்களில் கிடைக்கும் பெயர் பெரும்பாலும் அவருடையது. மியூனிக் நகர மின்சாதன விளம்பரங்களில் வருவது ஆல்பர்ட்டின் தந்தையும் சித்தப்பாவும் நடத்திய நிறுவனம். இசை விமர்சனப் பக்கங்களில் வருவது மோட்சார்ட் ஆய்வாளரான ஆல்ஃபிரட் ஐன்ஸ்டைன். ‘ஏ. ஐன்ஸ்டைன்’ என்ற சுருக்கம் இருவருக்கும் பொருந்தும் என்பதால், பக்கத்தின் தலைப்பைப் பார்க்காமல் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்.

ஜெர்மன் நாளிதழ்களைத் தொடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய உடைந்த எழுத்துருவில் ‘எஸ்’ நீளமாக, ஏறக்குறைய ‘எஃப்’ போலவே இருக்கும். எழுத்துணரி மென்பொருள் பெயரை ‘ஐன்ஃப்டைன்’ என்று படித்து வைத்திருக்கும். ‘எஸ்’ இருக்கும் இடத்தில் ‘எஃப்’ போட்டும் ஒருமுறை தேடுங்கள். கிடைக்கும் எண்ணிக்கை கணிசமாகக் கூடும்.

1899 என்ற ஆண்டில் சந்தேகத்துக்குரிய சான்று கிடைத்தால் நம்பாதீர்கள். கூகுள் புக்ஸில் ஆண்டு தெரியாத நூல்கள் பல அந்த ஆண்டில் குவிந்து கிடந்தன. பருவ இதழ்களில் தொகுதியின் ஆண்டுக்குப் பதிலாக இதழ் தொடங்கிய ஆண்டு பதிவாகியிருப்பதும் உண்டு. தலைப்புப் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்த்த பிறகே ஆண்டை எழுதுங்கள்.

நூறு வரிகளைத் தரம் பிரிப்பது

ஒவ்வொரு பத்தாண்டுக்கும் நூறு வரிகள் எடுத்தால் போதும். ஆனால் முதல் பக்கத்தில் வரும் நூறை எடுக்கக் கூடாது. தேடுபொறி ‘பொருத்தம்’ பார்த்து வரிசைப்படுத்தியிருக்கும், அந்த வரிசை ஒருபக்கம் சாய்ந்தது. 1,400 முடிவுகள் வந்தால் ஒவ்வொரு பதினான்காவதையும் எடுங்கள்.

விரிதாளில் ஏழு நெடுவரிசைகள் போடுங்கள்: தேதி, வெளியீடு, பக்கம், முழு வாக்கியம், முன்னும் பின்னும் ஒரு வாக்கியம், படி எண், தயக்கக் குறிப்பு. படி எண் மேலே சொன்ன 1 முதல் 7. விஞ்ஞானியையே நேரடியாகக் குறித்தும் அறிமுகம், விளக்கம் உதிர்தல் பற்றி எதுவும் சொல்ல முடியாத வரிகளுக்கு 0. வணிகப் பெயர், கலைச்சொல், வேறு ஆள் என்றால் 9.

ஒரே நகைச்சுவைத் துணுக்கை அமெரிக்காவின் ஊர்ப் பத்திரிகைகள் பலவும் வாங்கி அச்சிடும் வழக்கம் அன்று இருந்தது. அதே துணுக்கு முப்பது இடத்தில் கிடைத்தாலும் அது ஒரு சான்றுதான். இதைக் கழிக்காமல் விட்டால் 1920-களின் எண்ணிக்கை வீங்கிப்போகும். வாக்கிய நெடுவரிசையை அகரவரிசைப்படுத்தினால் இரட்டிப்புகள் அடுத்தடுத்து வந்து நிற்கும், நீக்குவது எளிது.

படி எண் போடும்போது மாற்றிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். பெயரை எடுத்துவிட்டு ‘மேதை’ என்று போட்டால் வாக்கியம் நிற்கிறதா? அதே இடத்தில் ‘1879-இல் உல்மில் பிறந்தவர்’ என்று போட்டால் அபத்தமாகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது 5 அல்லது அதற்கு மேல். சில மாதிரி வாக்கியங்களில் பார்க்கலாம்:

‘ஐன்ஸ்டீனே வந்தாலும் இந்தக் கணக்கைப் போட முடியாது.’ மேதை என்று மாற்றலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஏ’காரம் அந்தக் குறிப்பிட்ட மனிதரை உச்சமாக நிறுத்துகிறது. இது 3.

‘எங்கள் தெருவில் ஒரு ஐன்ஸ்டீன் இருக்கிறார், எந்த ரேடியோவையும் சரி பண்ணிவிடுவார்.’ தயக்கமே வேண்டாம், 5. கவனியுங்கள், ரேடியோ பழுதுபார்ப்பதற்கும் அண்டவியலுக்கும் தொடர்பில்லை. துறை மாறியும் பெயர் நிற்கிறது என்பது முற்றிய பொதுச்சொல்லுக்கு அடையாளம்.

‘அவர் ஐன்ஸ்டீன், நான் சாதாரண வாத்தியார்.’ முன்பின் வாக்கியம் இல்லாமல் முடிவு செய்ய முடியாது. அதற்காகத்தான் ஐந்தாவது நெடுவரிசை.

இருவர் தனித்தனியாகத் தரம் பிரித்து ஒப்பிட வேண்டும். நூறில் பத்துக்கு மேல் முரண்பட்டால் வரிகளைக் குறை சொல்லாமல் விதியைத் திருத்தி எழுதுங்கள். முரண்பாடு பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில்தான் வரும்.

தமிழில் தேடுவது: தனிக் கலை

ஆங்கில முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் வேலை நடக்காது. தமிழில் ‘ஆன்’ போன்ற கட்டாய முன்னொட்டு இல்லை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் இல்லை. என்கிராம் வியூவரில் தமிழ்த் தொகுப்பே கிடையாது. ஆனால் தமிழில் வேறு நல்ல தடயங்கள் உண்டு. எங்கள் கணிப்பில் மிக நம்பகமானது வினா விகுதி: ‘நீ என்ன ஐன்ஸ்டீனா?’ யாரும் எதிரே இருப்பவரை உண்மையிலேயே ஆல்பர்ட் ஐன்ஸ்டீனா என்று கேட்க மாட்டார்கள். இந்த ஓர் ‘ஆ’ கிடைத்தால் பொதுச்சொல் என்று துணிந்து எழுதலாம். அடுத்தது ‘பெரிய’ என்ற அடை: ‘பெரிய ஐன்ஸ்டீன்னு நெனப்பு.’ அப்புறம் ‘குட்டி’, ‘கள்’ விகுதி. ‘ஒரு’ மட்டும் வந்தால் போதாது, ‘ஒரு ஐன்ஸ்டீன் கட்டுரை’ என்றும் வரும்.

முதல் சிக்கல் எழுத்துக்கூட்டல். ஐன்ஸ்டீன், ஐன்ஸ்டைன், ஐன்ஸ்டின், ஐன்ஸ்ட்டீன், கிரந்தம் தவிர்ப்பவர்களின் ஐன்சுடைன், ஈழத்து எழுத்தில் ஐன்ஸ்ரைன், ஐன்ஸ்ரீன் என்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுத் தேட வேண்டும். இதோடு ‘ஐ’யை ‘ஜ’ என்று தட்டச்சு செய்ததும், எழுத்துணரி அப்படிப் படித்ததும் ஏராளம். ‘ஜன்ஸ்டீன்’ என்பதைத் தேடாமல் விட்டால் பழைய மின்வருடல்களில் நிறையச் சான்றுகளை இழப்பீர்கள்.

இரண்டாவது சிக்கல் புள்ளி. ‘ஐன்ஸ்டீன்’ என்று ஒற்றோடு தேடினால் ஐன்ஸ்டீனின், ஐன்ஸ்டீனுக்கு, ஐன்ஸ்டீனா எதுவும் மாட்டாது. ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘ன்’ என்பது ன-வோடு புள்ளி சேர்ந்த இரண்டு குறிகள். புள்ளியை எடுத்துவிட்டு ‘ஐன்ஸ்டீன’ என்று முடித்துத் தேடுங்கள். நீங்களே சேகரித்த உரைக்கோப்புகளில் இது எல்லா வேற்றுமை வடிவங்களையும் ஒரே வீச்சில் பிடிக்கும். முழுச்சொல்லை மட்டும் பொருத்தும் தளங்களில் வடிவங்களை ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் நம் தேடலுக்கென்றே அமைந்தது போன்றது. 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை னா, னை இரண்டுக்கும் தனி வடிவங்கள் இருந்தன, துணைக்காலும் இணைக்கொம்பும் தனியாக நிற்காமல் ன-வோடு ஒட்டியிருக்கும். நமக்குத் தேவையான ‘ஐன்ஸ்டீனா’, ‘ஐன்ஸ்டீனை’ இரண்டும் அந்த எழுத்துகளில்தான் முடிகின்றன. எழுத்துணரி அங்கேதான் தடுமாறும். ஆகவே 1978-க்கு முந்தைய அச்சுக்குக் கடைசி எழுத்தை விட்டுவிட்டு ‘ஐன்ஸ்டீ’ வரை மட்டும் தேடி, பக்கப் படத்தைக் கண்ணால் பாருங்கள். இணையத்தின் தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் இருக்கும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கிய பிறகு தேடுங்கள்.

எங்கே தேடுவது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து இதழ்களுக்கு நூலகம் தளம். ஐன்ஸ்டீன் ஜப்பானுக்குக் கப்பலில் போகும் வழியில் 1922 அக்டோபர் இறுதியில் கொழும்பில் இறங்கினார். இலங்கை இதழ்களைப் புரட்டுபவர்கள் அந்த வாரத்திலிருந்து தொடங்கலாம். அங்கே பெயரை எப்படி அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள் என்பதே 1-ஆம் படிக்கான பதிவாகும்.

இந்திய இதழ்களுக்கென்று ஒரு கலப்படம் உண்டு. 1939-இல் காந்தியின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி, இப்படி ஒரு மனிதர் இரத்தமும் சதையுமாக இந்தப் பூமியில் நடந்தார் என்பதை வருங்காலத் தலைமுறைகள் நம்புவதே கடினம் என்ற பொருளில் ஐன்ஸ்டீன் எழுதிய புகழுரை ஆண்டுதோறும் அக்டோபரிலும் ஜனவரியிலும் மேற்கோளாக வந்துகொண்டே இருக்கும். இவை எல்லாம் 0. கழிக்காமல் எண்ணினால் அக்டோபரில் தமிழில் திடீரென்று மேதைகள் பெருகிவிட்டதாகக் கணக்கு காட்டும். போஸ்-ஐன்ஸ்டீன் என்று இணைத்து வரும் இயற்பியல் கலைச்சொற்களும் கழிக்க வேண்டியவையே, அவை 9.

பேச்சு வழக்கில் இருப்பது அச்சில் ஏறத் தாமதமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ‘பெரிய ஐன்ஸ்டீன்னு நெனப்பு’ என்பது தலையங்கத்தில் வராது. சிறுகதையின் உரையாடல், வார இதழ் ஜோக், திரைப்பட வசனம் ஆகியவற்றில்தான் முதலில் தலைகாட்டும். கட்டுரைகளை விட்டு அங்கே தேடுங்கள்.

காரணத்தை எழுதும்போது

தேதிகள் சேர்ந்த பிறகுதான் ‘ஏன் இவர்?’ என்ற கேள்விக்கு வர வேண்டும். நியூட்டனின் பெயர் விசையின் அலகானது, மேதை என்ற பொதுச்சொல்லாக இந்த அளவுக்குப் பரவவில்லை. டார்வின், மேரி கியூரி நிலையும் அதுவே. ஆகவே ‘மிகப் பெரிய அறிவாளி, அதனால்’ என்ற விடை போதாது.

உறுதியான காரணம் ஒன்றைச் சொன்னவர் அணு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு. 1933-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இரவு உணவுக்குப் பின் நடந்த பேச்சில், ஐன்ஸ்டீனின் புகழுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று எடிங்டனைப் பார்த்துச் சொன்னார். 1919-இல் முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. எதிரி நாட்டு விஞ்ஞானியின் கணிப்பை பிரிட்டிஷ் குழுவினர் வானத்தில் சரிபார்த்தது மக்கள் மனதைத் தொட்டது, பத்திரிகைகளின் புயல் அட்லாண்டிக்கைத் தாண்டியது என்பது அவர் விளக்கம். அங்கே உடனிருந்து அதைப் பின்னாளில் எழுதி வைத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். இது நினைவிலிருந்து எழுதிய சாட்சியம் என்பதைக் குறிப்பிட்டே பயன்படுத்துங்கள்.

இதோடு மூன்று காரணங்களை உங்கள் சான்றுகளிலேயே சோதிக்கலாம். ஒன்று, புரியாமை. இந்தக் கொள்கை உலகில் பன்னிரண்டு பேருக்குத்தான் புரியும் என்ற பேச்சு 1919 நவம்பர் ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தியிலேயே இருக்கிறது. புரியாதது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் புரிந்துகொண்டவர் என்பதால்தான் பெயர் துறையைத் தாண்டி நின்றது. 5-ஆம் படி வரிகளில் சார்பியலோடு தொடர்பில்லாதவை எத்தனை என்று எண்ணினால் இதை அளக்கலாம். இரண்டு, முகம். 1919-க்குப் பிறகு செய்தியோடு படம் வந்த பக்கங்களை எண்ணுங்கள். மூன்று, நீண்ட காலம். புகழ் வந்த பிறகு 36 ஆண்டுகள் உயிரோடு இருந்து செய்திகளில் வந்துகொண்டே இருந்தார். வேகமாகப் பிறந்த சொல் அதே வேகத்தில் மறையாமல் போனதற்கு இதுவே முக்கிய காரணம் என்பது எங்கள் கருத்து.

பள்ளியில் கணக்கில் தோற்றவர் என்ற கதையைக் காரணமாக எழுதாதீர்கள். 1935-இல் ரிப்ளியின் ‘நம்பினால் நம்புங்கள்’ என்ற அமெரிக்க நாளிதழ்ப் பகுதியில் அது வந்தபோது ஐன்ஸ்டீனே மறுத்தார்.

1995-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் 9 என்ற வகை பெருத்துவிடும். 1990-களில் வந்த ‘பேபி ஐன்ஸ்டைன்’ குழந்தைப் பொருட்கள், 2016 முதல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் ‘ஐன்ஸ்டைன்’ மென்பொருள் இரண்டும் மேதை என்ற பொருளை நம்பித்தான் பெயர் வைத்தவை. அதனால் தனியாக எண்ணி வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம். 2023-இல் கணிதச் செய்திகளில் வந்த ‘ஐன்ஸ்டைன் ஓடு’ முற்றிலும் வேறு. திரும்பத் திரும்ப வராத அமைப்பில் தளத்தை நிரப்பும் ஒற்றை வடிவத்துக்கு, ஜெர்மனில் ‘ஒரு கல்’ என்று பொருள்படும் சொல்லை வைத்தார்கள். விஞ்ஞானிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பதிவு எழுதுவது

முடிவில் அகராதிப் பதிவு இப்படி அமையலாம்: தலைச்சொல்லும் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளும், பெயர்ச்சொல் என்ற குறிப்பு, பொருள் 1 ‘மிகுந்த அறிவுக்கூர்மை உள்ளவர்’, பொருள் 2 ‘(கிண்டலாக) அறிவாளி என்று நினைத்துக்கொண்டு அசட்டுத்தனம் செய்பவர்’, வழக்கு ‘பெரும்பாலும் பேச்சு, எதிர்மறை அல்லது வினா வாக்கியத்தில்’. ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது மூன்று சான்றுகள் வேண்டும்: கிடைத்ததிலேயே பழையது, நடுக்காலத்தது, அண்மையது. மூன்றும் வெவ்வேறு வெளியீடுகளிலிருந்து வர வேண்டும்.

‘முதன்முதலில் பயன்படுத்தியவர்’ என்று எழுத வேண்டாம். ‘இதுவரை கிடைத்த பழைய சான்று’ என்று எழுதித் தேடிய தேதியையும் தேடிய தொகுப்புகளின் பெயரையும் பக்கத்திலேயே போடுங்கள். புதிய மின்வருடல்கள் சேரச் சேர அந்தத் தேதி பின்னோக்கி நகரும். பக்கப் படத்தை இணைய முகவரியாக மட்டும் வைக்காமல் கோப்பாகவும் சேமியுங்கள், கோப்பின் பெயரில் ஆண்டு-மாதம்-நாள் முதலில் வரட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தொடர்களை, ‘ஜன்ஸ்டீன்’ உட்பட, மறுபடி ஓட்டிப் பார்த்தால் போதும்.